மூன்றடுக்குத் தட்டில் இல்லாதவர்கள்

செட் மெனுவை ஒரு பிரதி போல வாசிக்கலாம் என்பது என் கட்சி. சாதாரண உணவகத்தில் நமக்குப் பிடித்ததை நாமே பொறுக்கி எடுக்கிறோம். சாப்பாடு சரியில்லை என்றால் பாதிக் குற்றம் நம்முடையது. செட் மெனுவில் எது முதலில், அதற்குப் பிறகு எது, எங்கே முடிப்பது என்று எல்லாவற்றையும் சமையலறையே தீர்மானித்துவிடுகிறது. தேர்வு செய்கிற உரிமையை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்ட பிறகு, பதிலுக்கு ஒரு கதையாவது சொல்ல வேண்டும் இல்லையா? அந்தக் கதையில் என்ன இருக்கிறது, என்ன விடுபட்டிருக்கிறது என்று ஒரு சிறுகதையிடம் கேட்பதைப் போலவே இதனிடமும் கேட்கலாம்.

பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என் சம்பளத்தில் ஒரு பங்கு இதற்குத்தான் போகிறது. கூட்டாளிகள் காருக்கு ஸ்போர்ட்ஸ் ரிம் மாற்றுகிறார்கள், நான் சாப்பிடப் போகிறேன். 2022 டிசம்பரில் மிச்செலின் வழிகாட்டி முதல்முறையாகக் கோலாலம்பூரையும் பினாங்கையும் மதிப்பிட்ட பிறகு இந்தப் பழக்கத்துக்குக் கொஞ்சம் கௌரவமும் வந்துவிட்டது. டேவாக்கான் உணவகம் மலேசிய மண்ணில் கிடைக்கிற பொருள்களை வைத்தே தன் வரிசையை அமைக்கிறது. நாடோடி உணவகம் தமிழ்நாடு, கேரளா, இலங்கை என்று மூன்று நிலங்களின் சமையலை ஒரு பயணமாக அடுக்குகிறது. சுவை பிடித்ததா இல்லையா என்பது வேறு பேச்சு. இரண்டிலும் தட்டு தான் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முயல்கிறது. இதே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு கேமரன் மலைக்குப் போனால் என்ன ஆகும்?

மலையில் இரண்டு வகை செட் மெனு உண்டு. ஒன்று பிரிஞ்சாங் கடைகளின் ஸ்டீம்போட். தலைக்கு இவ்வளவு என்று விலை. கொதிக்கிற சூப், கீரை, காளான், மீன் உருண்டை, மீ, முட்டை. பக்கத்துச் சரிவில் விளைந்த காய்கறியை நாமே வேகவைத்துச் சாப்பிடுகிறோம். குளிருக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. அது பெரிய கதை எதுவும் சொல்வதாகப் பாவனை செய்வதில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று ஆங்கிலேயத் தேநீர் விருந்து. எளிய வடிவத்தில் இரண்டு ஸ்கோன், ஸ்ட்ராபெரி ஜாம், கிரீம், ஒரு பானைத் தேநீர். முழு வடிவத்தில் மூன்றடுக்குத் தட்டு: கீழே சாண்ட்விச், நடுவே ஸ்கோன், மேலே கேக். கீழிருந்து மேலே சாப்பிட வேண்டும், உப்பில் தொடங்கி இனிப்பில் முடிக்க வேண்டும். இதை நான் கேலி செய்யப்போவதில்லை. சூடான ஸ்கோனைக் கையால் பிளந்து, கிரீம் உருகுவதற்குள் வாயில் போட்டு, பின்னாலேயே பால் கலக்காத தேநீரை ஒரு மிடறு குடித்தால் அந்தத் துவர்ப்பு கொழுப்பை அப்படியே துடைத்து எடுத்துவிடும். அடுத்த வாய்க்கு நாக்கு தயார். வடிவத்தைப் பொறுத்தவரை இது கச்சிதமான மெனு.

கதையைப் பார்ப்போம். பிற்பகல் தேநீர் என்ற வழக்கத்தை 1840 வாக்கில் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். பகல் உணவுக்கும் இரவு உணவுக்கும் நடுவே அவருக்குப் பசித்ததாம். அந்தப் பசிக்குச் சற்று முன்பு, 1839-இல், அஸ்ஸாம் தேயிலை முதல்முறையாக லண்டனில் ஏலம் விடப்பட்டது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துராவில் தேயிலைத் தோட்டம் போட்டார். சர்க்கரைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 'இனிப்பும் அதிகாரமும்' என்று பொருள்படும் தலைப்பில் 1985-இல் சிட்னி மின்ட்ஸ் எழுதிய நூல், கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பு இங்கிலாந்தின் தேநீர்க் கோப்பைக்கு வந்து சேர்ந்த வழியைக் காட்டுகிறது. நமக்கும் அதில் பங்கு இருக்கிறது. ரப்பருக்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டில், இன்றைய செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். ஆக, அந்த மூன்றடுக்குத் தட்டின் மேல் தளமும் பக்கத்தில் இருக்கிற பானையும் தோட்டங்களால் ஆனவை.

கேமரன் மலை இந்த வரலாற்றில் கடைசியில் வந்து சேர்ந்த பிள்ளை. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற அளவையாளர் இங்கே வந்துபோனார். மலைவாசத்தலமாக ஆனது 1920-களுக்குப் பிறகுதான். 1929-இல் ஜே. ஏ. ரசல், இலங்கையில் அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்ற தோட்டக்காரரோடு சேர்ந்து போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை வந்தது. 1930-களின் பிற்பகுதியில் ஊர் ஏக்கம் பிடித்த வெள்ளைக்காரர்களுக்காக ஸ்மோக்ஹவுஸ் விடுதி கட்டப்பட்டது. ஆங்கிலேயக் கிராமத்து வீடு போன்ற தோற்றம், ரோஜாத் தோட்டம், உள்ளே கணப்படுப்பு.

தோட்டம் உருவான கதையைச் சொல்கிற சுற்றுலாக் குறிப்புகளில் ஒரு பட்டியல் அடிக்கடி வரும்: தொழிலாளர்கள், கோவேறு கழுதைகள், ஒற்றை ஸ்டீம்ரோலர். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு காட்டுச் சரிவைத் தேயிலையாக மாற்றினார்களாம். ஸ்டீம்ரோலருக்காவது 'ஒற்றை' என்று ஒரு கணக்கு இருக்கிறது. தொழிலாளர்களுக்கு எண்ணிக்கையும் இல்லை, ஊரும் இல்லை, பெயரும் இல்லை. மெனுவில் வருகிற மௌனம் இந்தப் பட்டியலிலேயே தொடங்கிவிடுகிறது.

"ஸ்கோன் சாப்பிட வந்த இடத்தில காலனியம் பேசாதடா" என்று நண்பன் சொல்வான். நியாயம்தான். குற்ற உணர்ச்சியைத் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் கேள்வி விமர்சனக் கேள்வி. இந்த செட் மெனு விற்பது 'இந்த இடத்தை'. அப்படியானால் தட்டில் இந்த இடம் எவ்வளவு இருக்கிறது? கோதுமை மலேசியாவில் விளைவதில்லை, மாவு கப்பலில் வருகிறது. உள்ளூர் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல மிஞ்சுவது ஸ்ட்ராபெரியும் தேயிலையும். இரண்டுமே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட செடிகள். அவற்றை உள்ளூர் ஆக்கியது மனிதக் கை. அந்தக் கையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஜன்னலுக்கு வெளியே தெரிகிற பச்சை மட்டும்.

பொறியாளன் என்பதால் கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு கோப்பைக்கு இரண்டரை கிராம் என்று வைத்தால், இருவருக்கான ஒரு பானைக்குச் சுமார் 25 கிராம் கொழுந்து, அதாவது ஒரு கைப்பிடி. வாடவைத்து, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, கடைசியில் சலிக்கிறார்கள். சல்லடையில் மேலே தங்குவது இலைத் தேயிலை. அது பீங்கான் பானைக்குப் போகும். அடியில் விழுகிற தூள் மாமாக் கடைக்குப் போய், கெட்டிப்பால் கலந்து, தே தாரேக் ஆகும். தூள் மட்டம் என்று நினைக்க வேண்டாம். சீக்கிரம் இறங்கும், பாலைத் தாங்கும், அதனால்தான் அங்கே போகிறது. ஒரே செடியில், ஒரே நாளில் பறித்த கொழுந்து சல்லடையைத் தாண்டியதும் இரண்டு வேறு கதைகளுக்குள் போய்விடுகிறது. தேநீர் விருந்தின் மெனு அதில் ஒன்றை மட்டும் சொல்கிறது.

இந்த அளவுகோலை நம் வாழை இலைக்கும் வைக்காவிட்டால் அது நேர்மை இல்லை. இலைச் சாப்பாடு நம்முடைய செட் மெனு. உப்பும் ஊறுகாயும் எங்கே, குழம்புக்குப் பிறகு ரசம், ரசத்துக்குப் பிறகு மோர் என்று வரிசை மாறாது. உணவின் அமைப்பில் சமூக உறவுகள் பொதிந்திருக்கின்றன என்று மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1972-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். நமக்கு அதற்கு ஆய்வுக் கட்டுரை தேவைப்படவில்லை. பந்தியில் யார் முதலில் உட்காரலாம், யார் உட்காரவே கூடாது, சமைத்த பெண்கள் எப்போது சாப்பிடுவார்கள் என்பதை எல்லாம் பாட்டிமார் அனுபவத்திலேயே படித்திருக்கிறார்கள். சமபந்தி என்று ஒரு சொல்லை உண்டாக்க வேண்டிய அளவுக்கு நம் பந்தி சமமற்றதாக இருந்தது. தமிழ்நாட்டுக் கோயில்களில் ஆகஸ்ட் 15 அன்று இன்றும் சமபந்தி விருந்து நடக்கிறது. ஒரு சாப்பாட்டு வரிசை யாரை விட்டுவைக்கிறது என்று கேட்பது நமக்குப் புதிய பழக்கமே இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைவிடச் சங்கடமான ஒன்று இருக்கிறது. மெனு நம்மை எழுதவில்லை என்று புகார் சொல்கிறோமே, நாம் எழுதியிருக்கிறோமா? தேயிலைக்குத் தமிழில் நல்ல இலக்கியம் உண்டு. புதுமைப்பித்தன் 1930-களிலேயே 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். தெளிவத்தை ஜோசப் முதலான மலையக எழுத்தாளர்களின் நீண்ட வரிசை இருக்கிறது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆகி, 'பரதேசி' திரைப்படம் வரைக்கும் வந்தது. மலேசியத் தமிழ் எழுத்திலோ, நான் வாசித்த வரை, தோட்டம் என்றால் கித்தாத் தோட்டம்தான். காரணம் புரிகிறது. நம்மில் பெரும்பாலோர் ரப்பர் லயங்களிலிருந்து வந்தவர்கள், தேயிலை ஒரு மலை மூலையில் இருந்தது. ஆனாலும் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் உலக வாசகர்களிடம் போய்ச் சேர்ந்தது தான் துவான் எங் ஆங்கிலத்தில் எழுதி, 2012-இல் புக்கர் குறும்பட்டியலுக்கு வந்த நாவல் மூலம். அதன் மையத்தில் நிற்பவர்கள் ஒரு சீனப் பெண், ஒரு ஜப்பானியத் தோட்டக் கலைஞர், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு தோட்ட முதலாளி. தமிழர்கள் பின்னணியில் இருக்கிறார்கள். அவர் தனக்குத் தெரிந்த கதையை எழுதினார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்னணியில் இருந்தவர்களை முன்னால் கொண்டுவர வேண்டியது நம் வேலையாக இருந்தது.

இப்போது நிலைமை இன்னும் மாறிவிட்டது. சரிவில் கத்தரியும் இயந்திரமும் பிடித்துக் கொழுந்து எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா என்று வெளியிலிருந்து வந்தவர்கள். தமிழ்ப் பிள்ளைகள் மலையிறங்கிப் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போனது நல்லதுதான், நானும் அப்படிப் போன ஒரு தலைமுறையின் ஆள்தான். ஆனால் 'எங்கள் இரத்தம், எங்கள் வியர்வை' என்று நாம் மேடையில் பேசுகிற அதே நேரத்தில் அந்தச் சரிவில் இன்னொருவர் கூடை சுமக்கிறார். பழைய தமிழ்க் கைகளை மட்டும் மெனுவில் சேர்க்கச் சொன்னால், நாமும் ஸ்கோன் விற்பவர்களைப் போல ஒரு பழைய நாளுக்கு ஏங்குகிறவர்களாகத்தான் ஆவோம்.

நல்ல கேமரன் செட் மெனு எப்படி இருக்கலாம் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஸ்கோன் இருக்கட்டும், அதை யாரும் பிடுங்க வேண்டாம். தேயிலை எந்தப் பிரிவில், எந்த வாரம் பறித்தது என்று அட்டையில் ஒரு வரி இருக்கட்டும். பீங்கான் பானைக்குப் பக்கத்தில் சல்லடையின் அடியில் விழுந்த தூளில் போட்ட ஒரு கிளாஸ் தே வரட்டும், இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்க்கலாம். லயத்து அடுப்பில் அன்று வெந்ததும், இன்று தொழிலாளர் விடுதியில் வேகிற பருப்பும் சோறும், ஒரு சின்னக் கிண்ணத்திலாவது வரிசையில் சேரட்டும். அதைச் சமைக்கத் தெரிந்தவரையே சமைக்கச் சொல்லி, சமையல்காரருக்குரிய சம்பளம் கொடுக்கட்டும்.

உணவகம் செய்யுமோ செய்யாதோ தெரியாது. எழுத்துக்கு லைசென்ஸ் வேண்டாம், முதலீடும் வேண்டாம். கேமரன் மலைத் தேயிலையின் நாவலை ஒருநாள் யாராவது எழுதத்தான் போகிறார்கள். அது முதலில் தமிழில் வருமா, வங்காளத்தில் வருமா, நேபாளியில் வருமா என்பதுதான் இப்போதைய என் ஆர்வம்.