விந்துவும் புள்ளியும்

அரூப ஓவியம் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றைப் பிரெஞ்சில் பெயர்ப்பது எளிதென்று எண்ணுவோர் உளர். இரண்டிலும் இலத்தீன் வழிச் சொற்கள் மிகுதி. 'அப்ஸ்ட்ராக்ட்' என்பதற்கு நிகர் அங்கே ஆயத்தமாக உள்ளது. ஆயின் பாணிகளின் பெயர்களில் இடர் தொடங்குகிறது. 1952-இல் அமெரிக்கத் திறனாய்வாளர் ஹெரால்ட் ரோசன்பர்க் 'ஆக்ஷன் பெயிண்டிங்' என்றார். அதே பத்தாண்டில் பிரெஞ்சுக்காரர், அதற்கு அண்மையில் நின்ற தம் போக்கினைத் 'தாஷிசம்' என்றனர். 'தாஷ்' என்றால் கறை. முன்னது கையின் செயலைச் சொல்கிறது. பின்னது துணியில் எஞ்சியதைச் சொல்கிறது. ஒன்றுக்கு மற்றதை வைப்பவர் பார்க்கும் இடத்தையே மாற்றிவிடுகிறார். சொல்லுக்குச் சொல் வைத்துச் சுற்றறிக்கை பெயர்த்துப் பழகிய எம் போன்ற எழுத்தர்களுக்கு இது எளிதில் பிடிபடாது!

நமக்கு நெருங்கிய சான்று சையத் ஹைதர் ரஸா. 1922-இல் பாபரியா என்னும் மத்திய இந்தியச் சிற்றூரில் பிறந்து, நாகபுரியிலும் பம்பாயிலும் பயின்று, 1950-இல் பிரான்சு சென்று, 2010-இல் தாயகம் திரும்பியவர். அலைபாயும் சிறுவனைச் சுவரிலிட்ட புள்ளி ஒன்றையே நோக்கியிருக்கச் செய்தாராம் தொடக்கப்பள்ளி ஆசிரியர். அப்புள்ளியே பின்னாளில் 'பிந்து' என்னும் பெருங்கருவட்டமாயிற்று.

ஆங்கில விளக்கங்கள் அதனை 'டாட்' என்றும் 'பாயிண்ட்' என்றும் சொல்லும். பிரெஞ்சில் 'புவான்' என்று பெயர்த்தால் அகராதிப்படி பிழையில்லை. ஆனால் அச்சொல் வாக்கிய முடிவில் இடும் முற்றுப்புள்ளிக்கும் உரியது. பழைய வழக்கில் 'இல்லை' என்பதற்கும் துணை நிற்பது. ரஸா விதை என்று கருதியதை முடிவு என்றா பெயர்ப்பது? மூலச்சொல்லை அப்படியே நிறுத்தி விளக்குவதே நேர்மை.

தமிழருக்கு இவ்விடர் குறைவு. 'விந்து' நம்மிடமே உண்டு. சைவ சித்தாந்தம் அதனை நாதத்தோடு இணைத்துப் பேசும். இன்றைய பேச்சுவழக்கை எண்ணி நாணிப் 'புள்ளி' என்று எழுதுகிறோம். அவ்வழக்கிலும் உயிர்வித்து என்னும் பொருளே இருப்பதை மறந்துவிடுகிறோம். 'அரூபம்' என்பதும் அத்தகையதே. ரஸாவின் வட்டமும் முக்கோணமும் உருவமல்லவா?

அவருடைய 'லா தேர்' என்னும் தலைப்பு இன்னும் சுவையானது. பிரெஞ்சில் ஒரே சொல் மண், நிலம், உலகம் மூன்றையும் தாங்கும். ஆங்கிலத்திலும் 'எர்த்' ஓரளவு தாங்கும். தமிழில் ஒன்றைத் தேர்ந்தேயாக வேண்டும். 1973-இல் அவர் வரைந்த படத்தில் கருமையினிடையே கனலும் செம்மையைக் கண்டபின், நான் 'மண்' என்றே எழுதுவேன்.