நான்காவது பாட்டு

1980 தீபாவளிக்கு வெளிவந்த பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ படத்துக்காக இளையராஜா இசையமைத்த பாடல்கள் 4. நான்கையும் நான்கு கவிஞர்கள் எழுதினார்கள். ‘பொன்மாலைப் பொழுது’ வைரமுத்துவின் முதல் திரைப்பாட்டு. வாலியும் கங்கை அமரனும் ஆளுக்கொன்று எழுதினார்கள். பஞ்சு அருணாசலம் எழுதி எஸ். ஜானகி தனித்துப் பாடிய ‘தூரத்தில் நான் கண்ட உன் முகம்’ நான்காவது. முதல் மூன்றும் திரையில் வந்தன. நான்காவது படத்தில் இடம்பெறவில்லை, இசைத்தட்டோடு நின்றுவிட்டது. படம் வசூலில் தோற்றது. ஆனாலும் அந்த மூன்று பாடல்களும் கல்யாண வீட்டிலும் பேருந்திலும் வானொலியிலும் 40 ஆண்டுகளுக்கு மேலாக ஒலித்துக்கொண்டிருக்கின்றன. நான்காவதைத் தேடிப் பிடித்துக் கேட்டவர்கள் சிறு கூட்டம். அந்தக் கூட்டத்தில் பலர் அதையே நான்கிலும் உயர்ந்தது என்பார்கள். இப்படி அதிகம் கேட்கப்படாத பாட்டைத் தேடி எடுத்துக் கொண்டாடுவது தமிழ்த் திரையிசை ரசிகர்களிடம் ஒரு தனி வழக்கமாகவே வளர்ந்திருக்கிறது. அது இசைக்குச் செய்த நன்மை பெரிது. அதன் கோளாறுகளும் சிறியவை அல்ல.

மேற்கில் இதே ரசனை ராக் இசைக்குழுக்களின் ரசிகர்களிடம் வேர்விட்டது. அங்கே அறியப்படாத பாட்டுக்கு ஒரு நிலையான இருப்பிடம் இருந்தது: 45 சுற்று இசைத்தட்டின் பின்பக்கம். முன்பக்கப் பாட்டு கடைக்கும் வானொலிக்கும் உரியது. திருப்பிப் போட்டவருக்கு மட்டும் கிடைத்தது மற்றது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1968 ஜனவரியில் பம்பாயில் இந்தியக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்த ‘தி இன்னர் லைட்’, அதே ஆண்டு மார்ச்சில் ‘லேடி மடோனா’ இசைத்தட்டின் பின்பக்கமாக வந்தது. ஹாரிசன் எழுதிய பாட்டு ஒன்று அந்தக் குழுவின் 45 சுற்றுத் தட்டில் இடம் பெற்றது அதுவே முதல் முறை. அப்போதும் பின்பக்கம்தான் கிடைத்தது. பெரிய தட்டுகள் வந்த பிறகு எந்தப் பாட்டு எதற்குப் பின் வரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் குழுவே முடிவு செய்தது. ஆகவே தட்டின் கடைசிப் பாட்டை விரும்பும் ராக் ரசிகர், அந்தக் குழு போட்ட தடத்திலேயே நடக்கிறார்.

தமிழில் நிலைமை வேறு. இங்கே இசைத்தட்டு படத்தின் முன்னோட்டமாகவே விற்றது. பாட்டு நிலைப்பதையும் மறைவதையும் இயக்குநரும் தயாரிப்பாளரும் படத்தொகுப்பாளரும் தியேட்டர் வசூலும் சேர்ந்து முடிவு செய்தன; இசையமைப்பாளரின் கை அதில் குறைவு. பாட்டு மறைவதற்கான காரணங்களும் பல. ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) இசைத்தட்டில் இருந்த ‘புத்தம் புது காலை’ படத்தில் இல்லை. ‘கவிக்குயில்’ (1977) படத்தில் ஒரே பாட்டை பாலமுரளிகிருஷ்ணாவும் ஜானகியும் தனித்தனியாகப் பாடினார்கள். முன்னவர் குரல் பரவிய அளவுக்குப் பின்னவர் குரல் பரவவில்லை. படம் ஒரு வாரத்தில் பெட்டிக்குத் திரும்பியதால் கூடவே போன பாடல்கள் எத்தனையோ. இவற்றுக்கெல்லாம் மேலான காரணம் எண்ணிக்கை. இளையராஜாவின் முதல் படம் ‘அன்னக்கிளி’ 1976-இல் வந்தது. நூறாவது படம் ‘மூடுபனி’ 1980-இல். படத்துக்கு 4 பாட்டு என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 4 ஆண்டுகளில் 400. எந்த வானொலியாலும் எந்தக் காதாலும் அத்தனையையும் ஏந்தியிருக்க முடியாது. பாட்டு அறியப்படாமல் போனது பெரும்பாலும் விபத்து. அந்தப் பாட்டின் தரத்துக்கு யாரும் சொன்ன தீர்ப்பு அது ஆகாது. இந்த வழக்கத்தை எடைபோடும்போது முதலில் கைக்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுதான்.

எது பிரபலம், எது அபூர்வம் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், குழித்துறை ஆறு என்று ஊரார் சொல்லும் தாமிரபரணி கடலில் கலக்கும் பொழிமுகத்தில் இருக்கும் தேங்காய்ப்பட்டணம் இதற்கு நல்ல சாட்சி. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. இந்த ஊர்க்காரரான தோப்பில் முகமது மீரானின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இங்கே தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் புழங்குவது தெரியும். வானொலியும் அப்படியே. ஒரு பக்கம் திருவனந்தபுரம், இன்னொரு பக்கம் திருநெல்வேலி, கடல் கடந்து இலங்கை வானொலி. 1984-இல் இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் நாகர்கோவிலில் தொடங்கியபோது நாலாவது வழியும் திறந்தது. இலங்கை வானொலியில் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் படம் ஓடியதா என்று பார்த்துப் பாட்டு போட்டவர்கள் அல்லர். திரையில் இல்லாத பாட்டுக்கும் தென்கரையில் ஆயுள் கிடைத்ததற்கு அந்த ஒலிபரப்பு ஒரு முக்கியக் காரணம்.

1982-இல் விஜயகாந்த் நடித்த ‘ஆட்டோ ராஜா’ படத்துக்கு இசை சங்கர்–கணேஷ். அதில் ஒரே ஒரு பாட்டு மட்டும் இளையராஜாவுடையது: அவரும் ஜானகியும் பாடிய ‘சங்கத்தில் பாடாத கவிதை’. அதே ஆண்டு பாலு மகேந்திராவின் மலையாளப் படமான ‘ஓளங்ங’ளில் அதே மெட்டு, ஓ. என். வி. குறுப்பின் வரிகளுடன், ஜானகி குரலில் ‘தும்பி வா’ ஆனது. மலையாளத்தில் அது வீட்டுக்கு வீடு பாடும் பாட்டு. மதுரையிலோ சேலத்திலோ ஒரு சேகரிப்பாளர் ‘அபூர்வ மெட்டு’ என்று உறையில் எழுதி வைத்திருந்த ஒன்று, திருவனந்தபுரம் வானொலி தெளிவாகக் கேட்கும் இந்தக் கரையில் தொட்டில் ஆட்டும் பெண்ணின் வாயிலும் இருந்திருக்கும். ‘அபூர்வம்’ என்ற சொல் இங்கே மெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்பவர் எந்த ஊரில் இருந்து கேட்டார் என்பதைத்தான் சொல்கிறது. தமிழ் ரசிகர்களின் பட்டியல்களில் இந்த உணர்வு குறைவு. சென்னையில் கேட்காததை உலகமே கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவற்றில் படிந்திருக்கிறது.

இந்த ரசனையை ஊர் ஊராகப் பரப்பியது கேசட். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த டேப் ரிக்கார்டர்கள் குமரிக் கரையோர வீடுகளில் முற்றத்துக்கு வந்த காலத்தில், பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகளும் பெருகின. தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து கிடைக்கும். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் 27 நிமிடம் போக 3 நிமிடம் மிஞ்சும். அந்த மிச்ச நாடாவில் வாடிக்கையாளர் கேட்காத பாட்டு ஒன்றைக் கடைக்காரர் தன் விருப்பத்துக்குத் தொடங்கிவைப்பார். அது பாதியிலேயே அறுந்து, நாடா டப்பென்று நிற்கும். மிச்சப் பாதி எங்கே கிடைக்கும் என்று தேடிப் போனவர்தான் பிற்காலத்து ரசிகர். பிடித்த இடையிசையைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டதில் அந்தப் பத்து விநாடி மட்டும் தேய்ந்து மங்கிய கேசட்டுகள் உண்டு. இடவப்பாதி மழையில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். உப்புக்காற்றில் டேப்பின் ஹெட் கெடும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மறுபடி ஓட்டுவார்கள். ஒரு பாட்டைக் காப்பது கையால் செய்யும் வேலையாக இருந்த காலம் அது. இசை நிறுவனங்கள் மூலப்பதிவுகள் மீது காட்டிய அக்கறையைவிட இந்தக் கைகள் காட்டிய அக்கறை கூடுதல் என்று தயங்காமல் சொல்லலாம்.

காப்பாற்றியதைவிடப் பெரிய பங்களிப்பு, கேட்கும் முறையில் வந்த மாற்றம். திரையில் வந்த பாட்டு ஒரு முகத்தோடும் ஒரு இடத்தோடும் ஒட்டிக்கொண்டே காதில் விழுகிறது. நடிகரின் நடை, புடவையின் நிறம், அருவி, படி எல்லாம் பாட்டின் பாதி வேலையைச் செய்துவிடும். ‘தூரத்தில் நான் கண்ட உன் முக’த்துக்கு அப்படி ஒன்றுமில்லை. யார் யாரைப் பார்த்துப் பாடுகிறார், எந்த நேரம், என்ன நடந்தது என எதுவும் தெரியாது. கேட்பவர் ஜானகியின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போகவேண்டும். சூழலைக் குரலிலிருந்தே கட்டவேண்டும். இந்தப் பயிற்சி பெற்ற காது, தெரிந்த பாட்டுக்குத் திரும்பும்போதும் வேறு விதமாகவே கேட்கிறது. முதல் இடையிசையும் இரண்டாவது இடையிசையும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்கிறது. பல்லவிக்குக் கீழே பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டு போவது புலப்படுகிறது.

அந்தக் கவனத்திலிருந்துதான் வாசித்தவர் யார் என்ற கேள்வி பிறந்தது. தமிழ் இசைத்தட்டு உறைகளில் படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் ஆகிய விவரங்களோடு அச்சு முடிந்துவிடும். வாத்தியக்காரருக்கு இடமில்லை. பேஸ் கிட்டார் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மானுவேல், புல்லாங்குழல் நெப்போலியன், ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வில் கிட்டார் வாசித்த ஆர். சந்திரசேகர் என்ற பெயர்கள் இன்று பொதுவெளியில் புழங்குகின்றன என்றால், அதற்கு உறையில் இல்லாததைத் தேடிக் கேட்ட ரசிகர்களே பெரும் காரணம். ராக் ரசிகருக்குக் குழுவின் ஒவ்வொருவர் பெயரும் உறையிலேயே கிடைத்தது. இங்கே ரசிகர்தான் அந்த உறையை எழுதவேண்டியிருந்தது.

கோளாறு தொடங்கும் இடம், தேடல் தன்னையே அளவுகோலாக ஆக்கிக்கொள்ளும் இடம். கஷ்டப்பட்டுக் கிடைத்தது உயர்ந்தது என்று மனம் சொல்கிறது. பத்து ரூபாய்க்குப் பேருந்து நிலையத்தில் கிடைத்த பாட்டைவிட, மூன்று ஊர் அலைந்து பதிந்த பாட்டு இனிக்கும். அந்த இனிப்பு அலைச்சலுடையதா பாட்டுடையதா என்று பிரித்துப் பார்ப்பவர் குறைவு. ஒரு சோதனை இருக்கிறது: ‘நிழல்கள்’ படத்தில் நான்காவது பாட்டு இடம்பெற்று, ‘பொன்மாலைப் பொழுது’ வெட்டப்பட்டிருந்தால் இன்று ரசிகர்கள் எதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள்? எஸ். பி. பாலசுப்ரமணியம் அந்தப் பாட்டில் குரலைத் தளர்த்திவிட்டு மாலை வெளிச்சத்தைப் போலப் பரவவிடுவதை, ஆயிரம் முறை கேட்டதாலேயே காது இப்போது கவனிப்பதில்லை. தெரிந்த பாட்டு பழகிப்போனதால் தேய்கிறது; தெரியாத பாட்டு புதிதாக இருப்பதால் மின்னுகிறது. இரண்டையும் ஒரே புதுமையோடு கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்வதே நேர்மை. அப்படிக் கேட்டால் நான்காவது பாட்டு மற்ற மூன்றுக்கும் சமமாக நிற்கும். அவற்றை மிஞ்சுகிறது என்று காட்டுவது கடினம்.

இன்னொரு கோளாறு, கதை கட்டுதல். படத்தில் இல்லாத ஒவ்வொரு பாட்டுக்கும் ஏன் இல்லை என்று ஒரு கதை உலவுகிறது. ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று கதைகள்கூட. கதைகளில் பாட்டு எப்போதும் பாதிக்கப்பட்டவள். இயக்குநர் எப்போதும் இரக்கமில்லாதவர். படம் என்பது இரண்டரை மணி நேரத்து ஓட்டம். நல்ல பாட்டே ஆனாலும் கதை நகரவேண்டிய இடத்தில் 5 நிமிடம் நின்றால் தியேட்டரில் ஆட்கள் எழுந்து வெளியே போவார்கள் என்பது இயக்குநருக்குத் தெரியும். பாட்டை விட்டது படத்துக்குச் சரியாகவும் இருந்திருக்கலாம். அந்தச் சாத்தியத்துக்கு ரசிகர் இடம் தருவதில்லை. பழைய பதிவின் மேல் உள்ள பாசம் உடைமை உணர்வாகவும் திரும்பும். ‘புத்தம் புது காலை’ மெட்டை இளையராஜாவே இந்திப் படமான ‘பா’வில் (2009) கையாண்டு, ‘மேகா’ (2014) படத்துக்காகத் தமிழிலும் மீண்டும் பதிவு செய்தார். பாட்டுக்கு 33 ஆண்டு கழித்துத் திரை கிடைத்தது. அதைக் கொண்டாடவேண்டிய பழைய ரசிகர்களில் பலருக்கு அது தங்கள் கையிலிருந்து பறிபோனது போல இருந்தது.

சொல் மேல் அக்கறையின்மை இந்த ரசனையின் மிகப் பெரிய குறை. இடையிசையில் வயலின்கள் எத்தனை அடுக்காக வருகின்றன என்று அரை மணி நேரம் பேசும் ரசிகரிடம் பாட்டு எழுதியவர் யார் என்று கேட்டால் தடுமாறுவார். ‘நிழல்கள்’ என்றதும் வைரமுத்து நினைவுக்கு வருகிறார். அங்கே தொடக்கம் என்ற கதை இருக்கிறது. ‘அன்னக்கிளி’ வழியாக இளையராஜாவைத் திரைக்குக் கொண்டுவந்த பஞ்சு அருணாசலம்தான் அந்த நான்காவது பாட்டையும் எழுதினார் என்பது பேச்சில் அரிதாகவே வருகிறது. வாத்தியக்காரருக்கு உறையில் இல்லாத இடத்தை வாங்கிக் கொடுத்தவர்கள், உறையில் இருந்த பெயரை வாசிக்காமல் விட்டார்கள்.

ரசனை ஒரே இசையமைப்பாளரைச் சுற்றியே சுழல்வதும் இதோடு சேர்ந்தது. வி. குமார், ஷியாம், எம். பி. சீனிவாசன் ஆகியோர் தமிழுக்குச் செய்தவை எண்ணிக்கையில் குறைவு, அறியப்படாதவை அதிகம். அபூர்வத்தைத் தேடுவதே நோக்கம் என்றால் அங்கேதான் முதலில் போயிருக்கவேண்டும். சீனிவாசன் இசையமைத்த ‘பாதை தெரியுது பார்’ (1960) போன்ற படத்தின் பாடல்களைத் தேடுபவர்களின் எண்ணிக்கை, இளையராஜாவின் வெளிவராத படப் பாட்டைத் தேடுபவர்களின் எண்ணிக்கைக்கு ஓரளவுகூட அருகில் வராது. ‘ஆட்டோ ராஜா’ இசைத்தட்டை மறுபடி எடுத்துப் பார்த்தால் இது துலங்கும். அதிலிருந்து இளையராஜாவின் ஒற்றைப் பாட்டை ரசிகர்கள் தூக்கியெடுத்து, இரண்டு மொழிகளில் அதன் தடத்தைத் தேடி, பாடியவர் எழுதியவர் எல்லாம் குறித்து வைத்திருக்கிறார்கள். அதே தட்டில் சங்கர்–கணேஷ் போட்ட மற்றப் பாடல்களின் பெயரைச் சொல்லக்கூடிய ரசிகரைத் தேங்காய்ப்பட்டணத்திலும் சென்னையிலும் தேடித்தான் பிடிக்கவேண்டும்.