பூவில்லாத பூச்செண்டு

பிளென்ஹைம் பொக்கே என்ற ஆங்கில வாசனைத் திரவியத்தை 1902-ல் லண்டன் பென்ஹாலிகன் கடையார் மார்ல்பரோ கோமகனுக்காகத் தயாரித்தார்கள். பிளென்ஹைம், அவருடைய அரண்மனையின் பெயர். பொக்கே என்றால் பூச்செண்டு. ஆனால் இதில் ரோஜாவையோ மல்லிகையையோ தேடுகிறவர் ஏமாந்துதான் போவார். முதலில் எலுமிச்சையும் லாவண்டரும். பிறகு மிளகின் காரம். கடைசியில் பைன் மரமும் லேசான கஸ்தூரியும். தித்திப்பு என்பது மருந்துக்கும் கிடையாது.

சீக்கிரம் போய்விடுகிறதே என்று குறை சொல்லுகிறார்கள். எலுமிச்சை எண்ணெயின் இயல்பு அது. லேசான பொருள், முதலில் ஆவியாகிவிடும். பிசினும் இனிப்பும் கனமாகச் சேர்த்து வாசனையை நீட்டித்திருக்கலாம். அப்போது எலுமிச்சையின் கூர்மை மழுங்கியிருக்கும். இங்கே ஆயுள் குறைந்தது, கூர்மை பிழைத்தது. எனக்கு இந்தப் பேரம் சம்மதம்.

வாசனையை மணிக்கணக்கில் அளப்பது, நாவலைப் பக்கக் கணக்கில் அளப்பது போலத்தான். அறையில் நுழைந்ததுமே எல்லோரையும் திரும்ப வைக்கும் வாசனைகள் உண்டு. இது பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே தெரியும். எழுந்து போகும் நேரம் தெரிந்த விருந்தாளியைத்தான், இன்னும் சற்று இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொள்கிறோம்.