குடுவைச் செடியின் அடிக்கன்று

குடுவைச் செடியைப் பார்க்க வருபவர்கள் முதலில் குடுவைக்குள்தான் எட்டிப் பார்ப்பார்கள். ஈ விழுந்திருக்கிறதா, எறும்பு கிடக்கிறதா என்ற ஆவல். எனக்குச் செடியின் தூரைப் பார்க்க வேண்டும். அது எந்தப் பருவத்தில் நிற்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

நெப்பந்தஸ் என்னும் இந்தக் குடுவைச் செடியின் இனங்களில் இந்தியாவில் இயற்கையாக வளர்வது காசியானா ஒன்றுதான், மேகாலயாவின் ஜராயின், பாக்மாரா பகுதிகளில். இலங்கையின் தென்மேற்கு ஈரக்காடுகளில் இருப்பது டிஸ்டில்லடோரியா. 1753இல் லின்னேயஸ் பெயரிட்டது. காசியானா சட்டப் பாதுகாப்பில் உள்ள செடி. காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை வாங்கவே கூடாது. வீட்டில் வளர்க்க நர்சரிகளில் கிடைக்கும் வென்ட்ராட்டா கலப்பினம் போதும். தூரிலிருந்து அடிக்கன்று விடுவதில் அதற்குத் தாராள மனசு.

இளம்பருவத்தில் இலைகள் தண்டே தெரியாமல் நெருங்கி, தரையோடு வட்டமாக விரியும். அப்போது வருபவை கீழ்க்குடுவைகள். வயிறு பருத்து, முன்பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு சிறகு ஓரங்களோடு மண்ணில் சாய்ந்து கிடக்கும். பிறகு ஒருநாள் கணுவுக்குக் கணு இடைவெளி நீளத் தொடங்கும், செடி கொடியாகிறது. இலைநுனிச் சுருள் பக்கத்துக் கம்பைப் பற்றும். இனி வருபவை மேல்குடுவைகள். சிறகு வெறும் வரியாகத் தேய்ந்துவிடும். அடி ஒடுங்கி, வாய் நோக்கி விரியும். சுருள் வந்து சேரும் பக்கமும் முன்னிருந்து பின்னுக்கு மாறிவிடும். ஒரே செடிதான் இரண்டையும் செய்தது என்று சொன்னால், புதிதாகப் பார்ப்பவர் நம்ப மாட்டார்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கொடி நீண்டு, கீழிலை காய்ந்ததும் செடி கெட்டுவிட்டதென்று வெட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். நுனிக்குருத்தின் ஆதிக்கம் தளர்ந்து, தூரில் வெளிச்சமும் பட்டால், உறங்கிக் கிடந்த மொட்டு விழித்து அடிக்கன்றாக எழும். நாஞ்சில் நாட்டு வாழைத்தோட்டக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கக்கன்று பார்த்தே வளர்ந்தவர்கள். ஒரே வித்தியாசம், வாழை குலை தள்ளியதும் தாய்மரம் முடிந்துபோகும். நெப்பந்தஸ் பூத்த பிறகும் கொடி நீண்டுகொண்டிருக்கும்.

அடிக்கன்று மறுபடி குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்குகிறது: வட்ட இலை, சிறகு வைத்த குடுவை. ஆனால் விதைநாற்றின் முதல் குடுவைகள் சில மில்லிமீட்டர்தான். அது பெருக்க வருடங்கள் பிடிக்கும். தாய்வேரின் பலத்தில் எழும் கன்றோ சீக்கிரமே நல்ல பருமனான குடுவை வைக்கும். மேலே புனல் குடுவைகள், கீழே தொந்திக் குடுவைகள் என்று இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும் செடியைத்தான் நான் முழுமையான செடி என்பேன்.

வளர்க்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். நாஞ்சில் நாட்டின் வட்டக்கோட்டைக் கரையில் கடலீரம் உண்டு. உப்பும் உண்டு, ஆடிக்காற்றும் உண்டு. காற்று நேராக அடித்தால் சுருள் நுனியிலேயே குடுவை கருகிவிடும். சுவர் மறைப்பு அவசியம். கிணற்று நீர் வேண்டாம், மழைநீர் பிடித்து வைத்து ஊற்றுங்கள். தென்னைநார்க் கழிவைப் பலமுறை அலசி உப்பெடுத்த பிறகே தொட்டியில் இட வேண்டும்.

கன்றைப் பிரிக்க ஆசை வரும். மண்ணை விலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் தனி வேர் இருக்காது. வேர் தெரியும்வரை தாயோடு விட்டுவிடுங்கள். செடி பெருக்கியே ஆக வேண்டுமென்றால் மேல்கொடியை இரண்டு மூன்று கணுவோடு நறுக்கி ஈரப்பாசியில் ஊன்றலாம். அந்த வெட்டே தூரில் இன்னொரு மொட்டை எழுப்பவும் கூடும்.