லிண்டாவின் விடுமுறை

குழந்தைகளை வைத்துக் கதை எழுதுவது சுலபம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் மழலை, கொஞ்சம் பிடிவாதம், முடிவில் தாய் குழந்தையை வாரி அணைத்துக்கொள்வது, இவ்வளவு இருந்தால் போதும்; வாசகர் கண் கலங்கிவிடுவார் என்பது பத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் தெரியும். கோடை விடுமுறைக் கதைகள் இன்னும் மோசம். பேரக்குழந்தைகள் ரயிலில் வந்து இறங்குகின்றன. தாத்தா கூடை கூடையாக மாம்பழம் வாங்குகிறார். பாட்டி முறுக்குச் சுற்றுகிறாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் குழந்தைகள் ஊருக்குப் போய்விட, கூடத்து ஊஞ்சல் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறது. இந்த ஊஞ்சல் இதுவரை எத்தனை கதைகளில் ஆடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு அலுப்பாக இருக்கிறது.

இப்படிப்பட்ட கதை ஒன்றைப் படிக்க நேரும்போதெல்லாம், காதரின் மான்ஸ்பீல்டு எழுதிய ‘அட் த பே’ என்ற நீண்ட சிறுகதையை எடுத்து மறுபடி படிப்பது என் வழக்கம். அது 1922-ஆம் வருஷ ஆரம்பத்தில் லண்டனிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில் வெளியாகி, அதே வருஷத்தில் ‘த கார்டன் பார்ட்டி’ என்ற தொகுதியிலும் இடம்பெற்றது. நியூஸிலாந்தில் ஒரு கடலோரக் கிராமம். கோடையைக் கழிப்பதற்காக அங்கே வந்து தங்கியிருக்கிற ஒரு குடும்பம். சூரியன் உதிப்பதற்கு முன்னால் தொடங்கி இரவு நிலா வரைக்கும் ஒரே ஒரு நாள். கதை அவ்வளவுதான். அந்த நாட்டில் கோடை என்பது நமக்கு மார்கழி, தை மாதங்கள் என்பதை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நண்பர் ஒருவரிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். தேர்ந்த வாசகர், ரஷ்ய நாவல்களையெல்லாம் கரைத்துக் குடித்தவர். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது, “எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, ஆனால் ஒன்றுமே நடக்கவில்லையே” என்றார். பல பேருடைய ஆட்சேபம் இது. நியாயமாகத் தோன்றுகிற ஆட்சேபமுங்கூட. அதற்காகவே கதையைச் சற்று விவரமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

குடும்பத் தலைவன் ஸ்டான்லி பர்னெல். நல்ல உத்தியோகம், நல்ல உடம்பு, தன்னைப் பற்றிய அபிப்பிராயமும் நல்லதே. விடுமுறை வீட்டிலிருந்து தினமும் காலையில் கோச்சு வண்டி பிடித்து நகரத்து ஆபீசுக்குப் போய், மாலையில் திரும்புகிறவன். அதாவது விடுமுறை அவனுக்கு இல்லை, மற்றவர்களுக்கு. நம் வீடுகளிலும் இது உண்டு. மே மாதத்தில் மனைவியையும் குழந்தைகளையும் அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிற கணவன்மார்களை நாம் அறிவோம். அவர்களிடம் தென்படுகிற ஒரு தியாகப் பெருமையும் நமக்குத் தெரியும். ஸ்டான்லியிடம் அது நிரம்ப இருக்கிறது. அதிகாலையில் கடலில் முதல் ஆளாகக் குளிக்க வேண்டும் என்று ஓடுகிறான்; மைத்துனன் முறையாகிற ஜோனதன் அவனுக்கு முன்பே தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறான். ஸ்டான்லிக்கு அந்தக் குளியலே பாழாகிவிடுகிறது. பிறகு காலை உணவு. கைத்தடியைக் காணோம். வீடே எழுந்து ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறான், யாரும் ஓடவில்லை. மனைவியைத் தண்டிப்பதற்காக அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே வண்டி ஏறிவிடுகிறான்.

வண்டி திரும்பி மறைந்ததும் வீட்டில் ஏற்படுகிற மாறுதல் இருக்கிறதே, அந்த ஒரு பக்கத்துக்காக இந்தக் கதையை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம். கொழுந்தியாள் பெரில், மாமியார், குழந்தைகள், சமையற்காரி ஆலிஸ் எல்லோருடைய குரலும் மாறிப்போகிறது. நாள் முழுவதும் தங்களுடையது என்று அவர்களுக்குப் படுகிறது. பாத்திரம் துலக்குகிற ஆலிஸ்கூடத் தேநீர்க் கெண்டியைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து, ஆண்பிள்ளை ஒருவனை மூழ்கடிக்கிற மாதிரி ஒரு திருப்தி அடைகிறாள். ஸ்டான்லி கொடுமைக்காரன் அல்ல; குடிக்கிறவன் அல்ல; மனைவியை உயிராக நேசிக்கிறவன். அப்படிப்பட்டவன் வெளியே போனதும் ஒரு வீடு மூச்சு விடுகிறது என்பதைக் கோபமில்லாமல், சிரிப்போடு, ஆனால் துளியும் மழுப்பாமல் எழுதிவிடுகிறார் ஆசிரியை. ஒன்றும் நடக்கவில்லை என்ற என் நண்பர் இந்தப் பக்கத்தை எப்படிக் கடந்து போனாரோ தெரியவில்லை. அவரும் குடும்பத் தலைவர்தான்.

குழந்தைகளுக்கு வருவோம். மூன்று பெண்கள். மூத்தவள் இஸபெல் பெரியவர்களிடம் நல்ல பெயர் வாங்குகிறவள், கோள் சொல்லுகிறவள். கடைக்குட்டி லாட்டிக்கு வேலியைத் தாண்டுகிற மரப்படியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியவில்லை. நடுப்பெண் கிஸையா கஞ்சிக் கிண்ணத்தில் கரண்டியால் ஆறு வெட்டி, அதன் கரைகளைத் தின்றுகொண்டிருக்கிறாள். இந்தக் கஞ்சியைப் படிக்கும்போது நமக்குத் திருவள்ளுவர் நினைவு வராமல் போகாது. குழந்தையின் சிறு கை அளாவிய கூழை அமிழ்தத்துக்கும் மேல் என்று அவர் சொல்லி வைத்திருக்கிறார். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பியும், நெய்ச் சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்கிற குழந்தையைப் பாடியிருக்கிறான். இரண்டும் அழகு, சந்தேகமில்லை. ஆனால் இரண்டுமே தந்தை உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து பார்க்கிற பார்வை. அந்த நெய்ச் சோற்றை அப்புறம் துடைத்து எடுத்தவள் யார் என்று பாண்டியன் சொல்லவில்லை. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் தாயின் ஸ்தானத்தில் நின்று பாடினார்கள் என்பது வாஸ்தவம். அந்தத் தாய்க்குக் கொஞ்சுவதைத் தவிர வேறு வேலை கிடையாது, அயர்ச்சி கிடையாது.

மான்ஸ்பீல்டின் தாய் லிண்டாவுக்கு அயர்ச்சிதான் முக்கியமான குணம். எல்லோரும் கடலுக்குப் போய்விட்ட பிறகு, தோட்டத்தில் மனுகா மரத்தடியில் சாய்வு நாற்காலியில் படுத்திருக்கிறாள். பக்கத்தில் புல்லின்மேல் கைக்குழந்தை. பூக்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. உதிரத்தான் போகிறதென்றால் ஏன் பூக்க வேண்டும் என்று அவள் மனம் போகிறது. சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா அவளைச் சீன தேசத்து நதி ஒன்றுக்கு அழைத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். நதிக்குப் போகவில்லை. ஸ்டான்லியைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவனிடத்தில் அன்பு இல்லாமல் இல்லை. இரவில் முழங்காலிட்டுக் குழந்தை மாதிரி பிரார்த்தனை செய்கிற ஸ்டான்லியிடம் அவளுக்கு அன்பு உண்டு. அந்த ஸ்டான்லி கண்ணில் படுவது அபூர்வம். மற்ற நேரமெல்லாம் நித்தம் தீப்பிடிக்கிற வீட்டில் குடியிருப்பது போல, அவனை ஆபத்திலிருந்து காப்பாற்றுவதிலும் சமாதானம் செய்வதிலுமே பொழுது போகிறது. மிச்சமிருக்கிற நேரத்தில் அடுத்த பிரசவத்தைப் பற்றிய பயம். பெற்றுப் பெற்று உடம்பும் மனசும் தளர்ந்துபோய்விட்டன. தன் குழந்தைகளிடம் தனக்கு அன்பு இல்லை என்று அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்கிறாள்.

இந்த இடத்தில் நம் எழுத்தாளர் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்று, அவளை ராட்சஸியாக்கியிருப்பார். குழந்தைக்கு ஜுரம் கண்டு, இரவு முழுவதும் விழித்திருந்து அவள் திருந்தியிருப்பாள். அல்லது அவளைப் பழி வாங்கப்பட்ட பெண்ணாக்கி இரண்டு பக்கப் பிரசங்கம் வைத்திருப்பார். மான்ஸ்பீல்டு இரண்டையும் செய்யவில்லை. குழந்தை தலையைத் திருப்பி அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. உன்னை எனக்குப் பிடிக்காது என்கிறாள் லிண்டா. குழந்தை அதை நம்பவே மறுத்து இன்னும் சிரிக்கிறது. அந்த நம்பிக்கையைக் கண்டு அவளுக்குள் ஏதோ அசைகிறது. கண்ணில் நீர் வருகிறது. சரி, தாயன்பு ஊற்றெடுத்துவிட்டது என்று நாம் தீர்மானம் செய்கிற சமயத்தில் குழந்தை அவளை மறந்துவிடுகிறது. இளஞ்சிவப்பாக ஏதோ ஒன்று எதிரே அசைகிறது. அதைப் பிடிக்கப் பார்க்கிறது. அது அதனுடைய கால் விரல்தான்.

இதைவிட உண்மையான குழந்தையை நான் கதைகளில் அதிகம் கண்டதில்லை. அதன் சிரிப்புக்கு ஓர் அர்த்தம் கற்பித்தது லிண்டா, நாமும் கற்பித்தோம். குழந்தைக்கு அதைப் பற்றி அக்கறையே இல்லை.

நடுப்பகலில் வேறொரு காட்சி. பாட்டி பின்னிக்கொண்டிருக்கிறாள், கிஸையா படுக்கையில் படுத்திருக்கிறாள். ஆஸ்திரேலியச் சுரங்கத்துக்குப் போய் வெயில் தாக்கி இறந்துபோன மகனைப் பற்றிப் பாட்டி நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதிலிருந்து பேச்சு வளர்ந்து, எல்லோரும் செத்துத்தான் போகவேண்டுமா, நீயுமா என்று குழந்தை கேட்கிறது. சாகமாட்டேன் என்று சொல்லு என்று வற்புறுத்துகிறது. பாட்டி பதில் சொல்லவில்லை. குழந்தை மேலே ஏறிக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, எதைப் பற்றிப் பேசினோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள். பாட்டி தத்துவம் ஒன்றும் சொல்லாததுதான் இதில் விசேஷம். நம் கதைகளில் வருகிற பாட்டிமார்கள் இந்தச் சந்தர்ப்பத்தை விட்டுவைப்பார்களா என்ன!

இதை எழுதியபோது ஆசிரியை இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். 1888-ல் வெல்லிங்டனில் பிறந்து, 1908-ல் ஊரை விட்டுப் போனவர் பிறகு திரும்பவே இல்லை. தம்பி 1915-ல் பெல்ஜியத்தில் கையெறி குண்டு வெடித்து இறந்தான். அந்தத் துக்கத்துக்குப் பிறகுதான் பிறந்த ஊரையும் பிள்ளைப் பிராயத்தையும் எழுதியே தீருவது என்று உட்கார்ந்தார். இதே பர்னெல் குடும்பம் வீடு மாற்றுவதைச் சொல்லுகிற ‘ப்ரிலூட்’ 1918-ல் புத்தகமாயிற்று; அதை அச்சிட்டவர்கள் வர்ஜீனியா உல்பும் அவர் கணவரும். ‘அட் த பே’யை 1921-ல் ஸ்விட்ஸர்லாந்து மலைமேல் க்ஷயரோகத்தோடு மல்லாடிக்கொண்டு எழுதினார். குழந்தை இல்லாதவர். 1923 ஜனவரியில் இறந்தபோது வயது 34. சொந்தக் குழந்தை இருந்தால்தான் குழந்தைகளைப் பற்றி எழுத முடியும் என்கிறவர்களுக்கு இந்த விவரம் உதவும்.

கதையில் குறை இல்லாமல் இல்லை. ஆலிஸுக்கு அரைநாள் லீவு கொடுத்து, கடைக்காரி ஒருத்தி வீட்டுக்குத் தேநீர் குடிக்க அனுப்புகிற பகுதி வெறும் விகடம். அந்த வீட்டு விடுமுறை முழுவதும் ஆலிஸின் கைகளில் நடக்கிறது. அவள் மனசுக்குள் மட்டும் ஆசிரியை நுழையவில்லை, வெளியில் நின்று சிரிக்கிறார். கடைசியில் பெரில் இருட்டில் ஒரு பிறத்தியான் கூப்பிட்டு வெளியே போவதும், பயந்து உதறிக்கொண்டு திரும்புவதும் வேறொரு கதையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது போல எனக்குப் படுகிறது. ஆலிஸின் விஷயத்தில் செய்த அநியாயத்துக்கு ஈடுகட்டினாற்போல, அதே 1922-ல் ‘த டால்ஸ் ஹவுஸ்’ வந்தது. சலவைக்காரியின் பெண்கள் இருவருக்குப் பொம்மை வீட்டைக் கிஸையா ரகசியமாகக் காட்ட, பெரில் சித்தி கோழியை விரட்டுகிற மாதிரி விரட்டுகிறாள். விரட்டப்பட்டவர்கள் பக்கத்திலேயே நின்று கதை முடிகிறது.

தமிழில் நல்ல குழந்தைகள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’க் கதையில், தனக்கு டைரி கிடைக்காத சாரங்கன், தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டி அன்பளிப்பு என்று எழுதி வாங்கிக்கொள்கிறானே, அந்தப் பையன் கிஸையாவுக்குப் பக்கத்தில் தயங்காமல் உட்காரலாம். தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ம் அப்படித்தான், எங்கோ தூரத்து ஊருக்கு வீட்டு வேலைக்காக அனுப்பப்படுகிற சிறுமிக்கு, ரயிலில் தன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிடுகிற பையன். ஆனால் இந்தக் கதைகளில் பார்க்கிறவர் ஆண். அவர் நெகிழ்ந்து போகிறார், நாமும் நெகிழ்கிறோம். மே மாதத்தில் பிறந்த வீட்டுக் கிணற்றடியில், நாலாவது குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, எனக்கு இதுகளிடம் ஆசையே இல்லை என்று நினைத்துக்கொள்கிற நம் ஊர் லிண்டாவை நான் படித்தவரையில் சந்திக்கவில்லை. அவள் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவளைச் சொல்லவிடாமல் செய்வது நாம்தான். ‘தாய்’ என்ற சொல்லைக் கேட்டதுமே கன்னத்தில் போட்டுக்கொள்கிற நம் பழக்கந்தான்.

மாலையில் ஸ்டான்லி திரும்பி வருகிறான். காலையில் சொல்லிக்கொள்ளாமல் போனதற்காக நாள் முழுவதும் தவித்திருக்கிறான். ஓடிவந்து லிண்டாவைத் தழுவி மன்னிப்புக் கேட்கிறான். அவளோ அதைக் கவனிக்கவே இல்லை. கையில் என்ன, புதுக் கையுறையா என்று கேட்கிறாள். மலிவாகக் கிடைத்தது என்று சொல்லிவிட்டுக் குற்றவாளி மாதிரி விழிக்கிறான் ஸ்டான்லி. அவனுக்காகவே வாங்கிக்கொண்டது. லிண்டா சிரிக்கிறாள்.

இதைத் தமிழாக்க யாரேனும் முன்வந்தால் ஒரு வேண்டுகோள். மனுகா மரத்தை வேப்பமரமாக்க வேண்டாம். லிண்டாவை லலிதாவாக்கவும் வேண்டாம். கடல்மூடுபனியில் ஆட்டு மந்தை வருகிற முதல் பகுதியை, கதைக்குச் சம்பந்தமில்லை என்று பத்திரிகை ஆசிரியர் வெட்டச் சொல்வார். கொடுக்காதீர்கள்.