ஒரு ரூபாய் கட்டடம்

பி.காம். படித்ததில் இன்றுவரை எனக்கு மறக்காத ஒரே சமாச்சாரம், தேய்மானம். கட்டடம் கட்டினால், வருஷா வருஷம் அதன் மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் கணக்குப் புத்தகத்தில் அதற்கு மதிப்பு ஒரு ரூபாய். கட்டடம் என்னவோ ஜம்மென்று நின்றுகொண்டிருக்கும்!

நெய்வேலியின் காலி குவார்ட்டர்ஸ்களைப் பார்த்தால் அந்த ஒரு ரூபாய்தான் ஞாபகம் வருகிறது.

1956-ல் நிறுவனம் பிறந்தபோது, திட்டம் போட்டுக் கட்டிய ஊர் இது. அகலமான சாலை, இரண்டு பக்கமும் மரம், வீட்டைச் சுற்றித் தோட்டம். சென்னைவாசி பார்த்தால் பெருமூச்சு விடுவார். ஆனால், நிரந்தரத் தொழிலாளர்கள் குறையக் குறைய வீடுகளும் காலி. ஆள் போன வீட்டில் முதலில் ஜன்னல் கதவு போகும். அப்புறம் ஒயர். கடைசியில் சுவரைப் பிளந்துகொண்டு அரசங்கன்று எட்டிப் பார்க்கும்.

முப்பது வருஷம் குடியிருந்தாலும் ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட வேண்டிய வீடு. குடியிருக்கிறவர், 'நம்ம வீடா?' என்பார். ஆபீஸில், 'எந்த செக்‌ஷன்?' என்பார்கள். எல்லா ஊரிலும் பொதுக் கட்டடத்தின் கதி இதுதான். புதுக் கட்டடம் என்றால் அடிக்கல், ரிப்பன், கல்வெட்டு. ஒழுகுகிற கூரையை அடைத்தவர் பேரைக் கல்வெட்டில் பார்த்திருக்கிறீர்களா?

கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். நம் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உயிரைக் கொடுத்து வெட்டிய சுரங்கம். 2001-ல் மூடினார்கள். துருப்பிடித்த இரும்புக் கோபுரங்களும் சயனைடு மண்மேடுகளும்தான் மிச்சம்.

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962-ல் ஓட ஆரம்பித்து, 2020-ல் நின்றுவிட்டது. பழுப்பு நிலக்கரியும் ஒருநாள் தீரும். அதற்கு முன்னாலேயே ஊரைச் சாக விட வேண்டுமா?

வெளியே வாடகை கொடுத்துத் திண்டாடும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, தேறுகிற வீடுகளைச் செப்பனிட்டுக் கொடுக்கலாம். தேறாததை இடித்துவிட்டு மரம் நடலாம். இரண்டும் இல்லாமல் பாதி செத்த வீடாக நிறுத்தி வைப்பதுதான் அசிங்கம்.

ஏனென்றால், அது சும்மா கிடைத்த மண் இல்லை சார். சுற்றுவட்டார கிராமத்து ஜனங்கள் வீடு, வயல், குலதெய்வக் கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனதால் எழும்பிய ஊர். அங்கே பாம்பு குடியிருந்தால், அந்த நஷ்டத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? பற்றிலா, வரவிலா?

என் வாத்தியார் அதைச் சொல்லித் தரவில்லை.