ரப்பர் ஸ்டாம்ப் என்கிற வசவு

நம் விமர்சனத்தில் கைக்குச் சுலபமாகக் கிடைக்கிற வசவுகளில் ஒன்று 'ரப்பர் ஸ்டாம்ப்'. சுயமாக முடிவெடுக்காத ஜனாதிபதி ரப்பர் ஸ்டாம்ப். யோசிக்காமல் கை தூக்குகிற கமிட்டி ரப்பர் ஸ்டாம்ப். போன இதழில் எழுதிய கவிதையையே இந்த இதழிலும் எழுதுகிறவன் ரப்பர் ஸ்டாம்ப். விமர்சகன் செய்கிற காரியத்துக்கே 'முத்திரை குத்துவது' என்று பெயர் இருக்கிறது. இந்த வசவுக்கு அடியில் ஒரு கொள்கை உண்டு. திரும்பத் திரும்பச் செய்யப்படுவதில் மனிதன் இல்லை, ஒரே ஒருமுறை நிகழ்வதில்தான் அவன் இருக்கிறான் என்பது அது. வங்கிக் கௌண்டரில் சலான்களுக்கு முத்திரை போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் சந்தேகம் உண்டு. ஆனால் என் பிழைப்பைச் சாட்சிக்கு இழுப்பதைவிட, ரப்பர் முத்திரையையே சாதனமாகக் கொண்ட ஒரு கைவேலையை எடுத்துக்கொண்டு பார்ப்பது உபயோகமாக இருக்கும்.

ரப்பர் முத்திரைகளைக் கொண்டு வாழ்த்து அட்டை செய்வது அமெரிக்காவில் பரவலான பொழுதுபோக்கு. அதற்கென்றே பத்திரிகைகள் வந்திருக்கின்றன. வீடுகளில் பெண்களைக் கூட்டிவைத்துச் செய்து காட்டி விற்கிற 'ஸ்டாம்பின் அப்' போன்ற கம்பெனிகள் உண்டு. அது 1988ல் ஆரம்பித்தது. இலக்கியக்காரன் இதையெல்லாம் திரும்பிப் பார்க்கமாட்டான். ஆனால் அந்த வேலை நடக்கிற விதத்தைக் கவனித்தால், அதில் உருவம் பற்றிய பிரக்ஞை நம் புத்தக மதிப்புரைகள் பலவற்றில் இருப்பதைவிட அதிகம் என்று தெரியும்.

மரக்கட்டை, அதன்மேல் மெத்தென்ற ஒரு அடுக்கு, அதன்மேல் ரப்பர். நம் ஆபீஸ் முத்திரையும் இதே ஜாதிதான். மையில் இரண்டு வகை. சாய மை தாளுக்குள் இறங்கி உடனே காய்ந்துவிடும். பிக்மென்ட் மை மேலேயே நின்று மெதுவாகக் காயும். அது ஈரமாக இருக்கும்போதே ஒரு பொடியைத் தூவி, ஒட்டாததைத் தட்டிவிட்டுச் சூடு காட்டினால், பொடி உருகிக் கோடுகள் மேடாக எழும். இது ஜோடனை. இதைவிட முக்கியமாக எனக்குப் படுபவை வேறு இரண்டு உத்திகள்.

ஒன்று மூடிப் பதிப்பது. அட்டையில் ஒரு மரத்தைப் பதிக்கிறார்கள். அதே மரத்தை வேறொரு தாளில் பதித்து, ஓரத்தோடு வெட்டி, அட்டையில் உள்ள மரத்தின்மேல் பொருத்தி மூடுகிறார்கள். இப்போது ஒரு வீட்டை அதன்மேல் ஏறும்படி பதித்து, மூடியை எடுத்துவிட்டால், வீடு மரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. எண்ணெய் வர்ணக்காரன் வழக்கமாகத் தூரத்தில் இருப்பதை முதலில் தீட்டி முன்னால் வருவான். இங்கே முதலில் வந்தது முன்னால் நிற்க, பின்னால் வந்தது பின்வாங்குகிறது. மற்றது இரண்டாம் பதிவு. மை தொட்ட முத்திரையை ஒரு கழிவுத்தாளில் ஒற்றிவிட்டு, மறுபடி மை தொடாமல் அட்டையில் பதித்தால் உருவம் வெளிறி விழுகிறது. அந்த வெளிறல்தான் தூரம். அதாவது ஒரே முத்திரை, ஒரே கை. மை குறைந்தது ஒன்றுதான் வித்தியாசம், அதிலிருந்து ஒரு பரிமாணம் பிறக்கிறது.

இந்தக் கைவேலை எதற்கு எதிராகப் பிறந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1843ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், கடிதங்களுக்குத் தனித்தனியே பதில் எழுத நேரமில்லாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக்கொண்டு ஒரு அட்டை தயாரித்தார். ஆயிரம் பிரதிகள்; விலை ஒரு ஷில்லிங். பெறுகிறவர் பெயருக்கும் அனுப்புகிறவர் பெயருக்கும் வெற்றிடம் விட்டு, நடுவே வாழ்த்து அச்சாகியிருந்தது. அச்சடித்த கிறிஸ்துமஸ் அட்டையின் ஆரம்பம் இது என்கிறார்கள். வியாபார அட்டையின் முழு சுபாவமும் அந்த வெற்றிடத்தில் இருக்கிறது: பெயர் உன்னுடையது, மனசு எங்களுடையது. கையால் செய்த அட்டை இதற்கு ஒரு எதிர்ப்பு.

ஆனால் எதிர்ப்பு எங்கே வாங்கப்படுகிறது? முத்திரைக் கம்பெனியில். அங்கே பூவும் பறவையும் மட்டும் விற்பதில்லை, வாசகங்களும் விற்கிறார்கள். பிறந்தநாளுக்கு ஒன்று, நன்றிக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று. 'ஏஞ்சல் பாலிசி' என்று ஒரு ஏற்பாடுகூட இருக்கிறது. கம்பெனியின் உருவத்தைப் பதித்து நீங்கள் செய்த அட்டையை நீங்களே விற்கலாம். நிபந்தனை, ஒவ்வொன்றும் உங்கள் கையால் பதிக்கப்பட வேண்டும், யந்திரத்தில் நகலெடுக்கக்கூடாது. சட்டம் இங்கே ஒரு அழகியலைப் பேசுகிறது. உருவம் பிறருடையது, வாசகம் பிறருடையது; கையின் அழுத்தம் ஒன்றுதான் உங்களுடையது, அது போதும் என்கிறது. போதுமா என்பதுதான் கேள்வி.

நண்பர் ஒருவர் அங்கிருந்து கொண்டுவந்த அட்டைகளில் ஒன்று துக்கத்துக்கானது. வெளிப்பக்கத்தில் ஒரே இலை மூன்று முறை, இடமிருந்து வலமாக, நடுவில் மை தொடாமல் பதிக்கப்பட்டிருக்கிறது. முதல் இலை முழுசு. இரண்டாவதில் நரம்புகள் அறுந்திருக்கின்றன. மூன்றாவது, இலை என்று நமக்கு முன்பே தெரிந்திருப்பதால் மட்டும் இலை. ஒரு சொல்லும் இல்லாமல் ஒரு மரணம் அங்கே நிகழ்ந்திருக்கிறது. திறந்தால், உள்ளே கடையில் வாங்கிய அனுதாப வாசகம், புது மையில், அட்டைக் கறுப்பாக. வெளியே மங்கிக்கொண்டே வந்தது உள்ளே ஒரு நொடியில் பொய்யாகிவிடுகிறது.

வாசகம் பழசு என்பது என் புகார் இல்லை. சாவு வீட்டில் புதுசாக ஒன்றைச் சொல்ல முயல்கிறவனைப்போல ஆபாசமானவன் இல்லை. நம் ஒப்பாரியும் ஏற்கனவே இருக்கிற அடிகளில் செத்தவரின் உறவைப் பொருத்திப் பாடுவதுதான். அழுகிறவள் எங்கே அழுத்துகிறாள், எங்கே மூச்சு விடுகிறாள் என்பதில் அது அவளுடையதாகிறது. இந்த அட்டையின் கோளாறு வேறு. செய்தவருக்கு இலை ஒரு முத்திரை என்று தெரிந்திருக்கிறது. அதனால் மையோடும் தாளோடும் யோசித்திருக்கிறார். வாசகமும் ஒரு முத்திரைதான் என்பது தெரியவில்லை. அதை 'அர்த்தம்' என்று நினைத்துவிட்டார். அர்த்தத்துக்குக் கை எதற்கு என்று ஒரே அழுத்தாக அழுத்திவிட்டார்.

இதைத் தெரிந்து செய்தவர் குர்ட் ஷ்விட்டர்ஸ். 1919ல், ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில், ஆபீஸ் ரப்பர் முத்திரைகளைத் தாளில் கோணலும் மாணலுமாகப் பதித்து, நடுவே கோட்டுச் சித்திரங்கள் வரைந்தார். அழகுக்காகச் செய்யப்படாத முத்திரைகள். அதிகாரத்துக்காகச் செய்யப்பட்ட சொற்கள். தாளில் சாய்ந்து, பாதி மை இல்லாமல் விழுந்ததும் அந்தச் சொற்களுக்கு உத்தரவிடுகிற சக்தி போய், வடிவம் வந்துவிடுகிறது. தன் கலைக்கு அவர் வைத்த 'மெர்ஸ்' என்ற பெயரே ஒரு வங்கி விளம்பரத்தில் 'கொமெர்ஸ்' என்ற சொல்லைக் கத்தரித்ததில் கிடைத்த துண்டு என்பது எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம். பிறகு, 1950களின் நடுவில், பிரான்சில் அர்மான் முத்திரைப் பதிவுகளால் தாள்களை நிரப்பினார்.

நியூயார்க்கில் ரே ஜான்சன் இதைத் தபாலுக்குக் கொண்டுபோனார். கூடச் சேர்த்துத் திருப்பி அனுப்பு என்கிற கட்டளையோடு நண்பர்களுக்கும் அந்நியர்களுக்கும் துண்டுத் தாள்கள் போய்க்கொண்டிருந்தன. ஹென்றி கோல் விட்ட வெற்றிடம் கையெழுத்துக்கு. ஜான்சன் விட்ட வெற்றிடம் பதிலுக்கு. ஒரு அட்டை முடிந்த பொருளா, நடக்கிற காரியமா என்பதன் வித்தியாசம் இது. இதைப் பின்பற்றிய தபால் கலைஞர்களில் அநேகர் கடைசியில் தங்கள் பெயரையும் ஒரு கோஷத்தையும் முத்திரையாக்கி உலகம் பூராவும் அனுப்பியதோடு நின்றுபோனார்கள் என்பதையும் சொல்லவேண்டும். நவீனம் என்ற காரணத்துக்காக அவர்களை அந்த இலைக்காரிக்கு மேலே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதை ஏன் இந்தப் பக்கங்களில் எழுதுகிறேன் என்றால், 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுக்கொண்டு நாம் நடத்திவந்த பத்திரிகைகளும் ஒருவகையில் கையால் செய்த அட்டைகள்தான். வியாபாரப் பத்திரிகையின் அச்சடித்த மனசுக்கு எதிர்ப்பாகப் பிறந்தவை. அவற்றின் உள்பக்கத்தைத் திறந்து பார்க்கவேண்டும். மௌனம், வெறுமை, கண்ணாடி, இருப்பு, அந்நியமாதல், தரிசனம். கவிதையில் பாதியும் விமர்சனத்தில் பாதியுமாக இந்தச் சொற்கள் நம் கடையில் விற்கின்றன. இவை பழசாகிவிட்டன, தூக்கிப் போடுங்கள் என்று சொல்வது எளிது. புது முத்திரை வாங்கினால் அதையும் இதே கையால்தான் பதிக்கப்போகிறோம். 'மௌனம்' என்ற சொல்லை ஒரு கவிஞன் நூறாவது முறை எழுதலாம். அதில் மை எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பக்கத்துச் சொல் எதை மூடிக்கொண்டிருக்கிறது, இந்த வரியில் அது முழுசாக விழவேண்டுமா, பாதியாக விழவேண்டுமா என்று அவன் பார்த்தானா என்பதே கேள்வி. பார்க்காதபோது அது எவ்வளவு ஆழமான சொல்லாக இருந்தாலும் அனுதாப அட்டையின் உள்பக்கம்தான்.

ஆகவே 'ரப்பர் ஸ்டாம்ப்' என்ற வசவை நாம் கைவிடலாம், அல்லது குறைந்தபட்சம் சரியாகப் பிரயோகிக்கலாம். ஒருவன் ஒரே விஷயத்தைத் திரும்பச் செய்கிறான் என்பது குற்றப்பத்திரிகை ஆகாது. மூன்று இலைகளையும் ஒரே கறுப்பில் பதிக்கிறானா என்று பார்த்துவிட்டு எழுதலாம்.